ஆறு எம்எம் வயர்

போன மாதம் சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில் வேலை. சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ஏர் ஃப்ரையர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் விழுந்துவிடுகிறது என்று ஆன்ட்டி கூப்பிட்டிருந்தார். டிபி பெட்டியை, அதாவது வீட்டுக்குள் எல்லா லைனும் பிரிகிற பிரேக்கர் பெட்டியைத் திறந்தேன். விழுந்து கிடந்தது ஒரு சி20, அதாவது 20 ஆம்பியர் பிரேக்கர். "தம்பி, இதைக் கழட்டிட்டு 32 போட்டுடுங்களேன், பக்கத்து வீட்ல அப்படித்தான் இருக்கு" என்றார். முடியாது ஆன்ட்டி என்றேன். உள்ளே போவது ரெண்டரை எம்எம் வயர், அதற்கு 20தான். அடுப்புக்குத் தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தேன். அரை நாள் போயிற்று, அவருக்குக் காசும் அதிகம் ஆயிற்று. முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

22 வருஷமாக வீவக வீடுகளில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளில், வயரிங் வேலை பார்க்கிறேன். இந்தப் பதில் என் வாயில் தானாக வரும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் இதே கேள்வியை என் சொந்தத் தம்பி கேட்டபோது நான் "சரி, போடு" என்றேன். வாடிக்கையாளரிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றை உடன்பிறந்தவனிடம் சொன்னேன். அன்று தோ பாயோவிலிருந்து திரும்பும்போது ரயிலில் முழுக்க அந்த நினைப்புத்தான். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்று தோன்றியது.

பெர்த்திலிருந்து ஒரு போன்

தம்பி பெர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறான். நமக்கும் அவர்களுக்கும் நேரம்கூட ஒன்றுதான், அதனால் அவன் எந்நேரமும் போன் போடுவான். கோவிட் முடிந்ததும் ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்கத்தில் கட்டில், அலமாரி, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு தங்கிப் போகிற வண்டியாக மாற்றத் தொடங்கினான். மரவேலை அவனுக்கு நன்றாக வரும். கரண்ட் வேலை என்றால் என்னைத்தான் கேட்பான். ஆஸ்திரேலியாவில் 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும், அதை ஒருவரைக் கூப்பிட்டு முறையாகச் செய்துகொண்டான். 12 வோல்ட் பக்கம் முழுக்க அவன் கை, என் வாய்.

வண்டியின் ஏற்பாடு இதுதான். முன்னால் எஞ்சின் பேட்டரி. பின்னால் கட்டிலுக்கடியில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரிலிருந்து எடுத்துப் பின் பேட்டரிக்கு ஏற்றுவதற்கு நடுவில் 25 ஆம்பியர் டிசி சார்ஜர் ஒன்று. முன் பேட்டரியிலிருந்து இந்தச் சார்ஜர் வரைக்கும் தரைக் கம்பளத்துக்கு அடியில் இரண்டு வயர் ஓடுகிறது.

ஒரு நாள் போனில் சொன்னான்: "அண்ணே, மத்தியான வெயில்ல ஓட்டினா சார்ஜிங் விட்டு விட்டு வருது. 30 ஆம்பியர் பிரேக்கர் விழுந்து விழுந்து எழுது. 40 போடட்டுமா?" அவன் முதலில் வாங்கியது தானாக விழுந்து, ஆறியதும் தானாக எழுகிற ரகம். அலமாரிக்குள் அடைத்து வைத்த பிரேக்கர் வெப்பத்தில் சீக்கிரம் விழுவது இயல்பு. உள்ளே இருப்பது சூட்டில் வளைகிற உலோகத் தகடு, கரண்டின் சூடு என்றும் வெயிலின் சூடு என்றும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அத்தோடு, 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் வெளியே கொடுப்பதுதான் 25. உள்ளே இழுப்பது 30-ஐத் தாண்டும். ஆகவே 30 பற்றாது என்பது எனக்கும் புரிந்தது.

"வயர் எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மட்டும்தான் இதில் எனக்கு ஆறுதல். "ஆறு எம்எம் அண்ணே." ஆறு எம்எம் என்றால் என் கையில் அன்றாடம் புழங்குகிற வயர். 40 ஆம்பியருக்குச் சரியாக வரும். "சரி, 40 போடு" என்றேன். ஒரு போட்டோ அனுப்பு என்று கேட்கவில்லை. தோ பாயோவில் பெட்டியைத் திறந்து, வயரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். தம்பியிடம் காதால் கேட்டதற்கே பதில் சொல்லிவிட்டேன்.

அல்பனி போகும் வழியில்

அந்த வருஷம் டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் பெர்த் போனேன். எல்லாரும் அந்த வண்டியில் அல்பனிக்குக் கிளம்பினோம், 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நல்ல வெயில். பாதி வழி தாண்டியிருப்போம், பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி மகள், "பெரியப்பா, புது செருப்பு வாசனை வருது" என்றாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வயர் மேலுறையின் பிவிசி பிளாஸ்டிக் இளகத் தொடங்கும்போது வருகிற வாசனை. எரிகிற நாற்றம் இல்லை, அதற்கு முந்தைய கட்டம். வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். அலமாரிக்குள் கையை விட்டேன். மிச்ச வயரை வெட்ட மனசில்லாமல் தம்பி அதை நாலைந்து சுற்றாகச் சுருட்டி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, சார்ஜருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான். அந்தச் சுருள் மேல் விரலை வைத்தேன், இரண்டு நொடி வைக்க முடியவில்லை. டை கட்டியிருந்த இடத்தில் மேலுறை பள்ளம் விழுந்து, நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற அளவுக்கு மென்மையாகி இருந்தது. பக்கத்திலேயே அந்த 40 ஆம்பியர் பிரேக்கர். நெம்புகோல் நிமிர்ந்து நின்றது. அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த நெம்புகோல் நிமிர்ந்து நின்றதுதான் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது. பிரேக்கர் பழுதாகி இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. 40 வரைக்கும் விடு என்று சொன்னவன் நான். ஓடிக்கொண்டிருந்தது 32 ஆம்பியர் அளவுதான். அது ஏன் விழ வேண்டும்?

இதை வீட்டுப் பெட்டியை வைத்தே விளக்கலாம். நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற பிரேக்கருக்கு எம்சிபி என்று பெயர். அதற்கு உள்ள சர்வதேசத் தரப்படி, மேலே எழுதியிருக்கும் எண்ணைப்போல 1.13 மடங்கு கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 40 என்று எழுதியதில் 45 ஆம்பியர் ஓடலாம், 58 ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளலாம். 40 என்பது தாண்டிய உடனே கத்தி விழுகிற கோடு இல்லை. சி, பி என்கிற எழுத்துகள் திடீர்ப் பாய்ச்சலுக்கானவை. பி ரகம் 3 முதல் 5 மடங்கிலும், சி ரகம் 5 முதல் 10 மடங்கிலும் கண் இமைக்கும் நேரத்தில் விழும். நடுவில் இருக்கிற மெதுவான சூட்டை, அந்தக் கரண்டை நாள் முழுக்கத் தாங்குகிற வயர்தான் சமாளிக்க வேண்டும். அதனால்தான் முதலில் வயர், அப்புறம் பிரேக்கர் என்று வேலைக்கு வந்த புதிதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

65 இழை

அன்று சார்ஜரைப் பிரித்துவிட்டு, பின் பேட்டரியில் இருந்ததை வைத்தே அல்பனி போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் தூங்கினபின் தம்பியும் நானும் வண்டி ஓரம் உட்கார்ந்தோம். வயர் வாங்கிய சுற்று வண்டியிலேயே இருந்தது. ஆறு எம்எம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக 65/0.30.

ஒரு துண்டு வெட்டி மேலுறையை உரித்தேன். உறை தடியாக இருந்தது. உள்ளே செம்பு எனக்குப் பழகிய ஆறு எம்எம் அளவுக்கு இல்லை, பார்த்ததும் கைக்குத் தெரிந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் கணக்குப் போட்டோம். 0.30 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட இழையின் குறுக்குப் பரப்பு 0.0707 சதுர மில்லிமீட்டர். அதை 65-ஆல் பெருக்கினால் 4.6 வருகிறது.

ஆஸ்திரேலியாவில் வண்டிக்கு விற்கிற வயரில் ஆறு எம்எம் என்பது மேலுறையோடு சேர்த்து வயரின் வெளி விட்டம். நாங்கள் சிங்கப்பூரில் ஆறு எம்எம் என்றால் செம்பின் குறுக்குப் பரப்பு, அதாவது ஆறு சதுர மில்லிமீட்டர். வேலை அவசரத்தில் 'சதுர' என்பதை எப்போதோ வாயிலிருந்து விட்டுவிட்டோம். ஜாலான் புசாரில் வயர் கடையில் போய் "ரெண்டரை எம்எம் ஒரு சுற்று" என்றால் கடைக்காரருக்குப் புரிகிறது, எனக்கும் புரிகிறது. 4,000 கிலோமீட்டர் தள்ளி அதே சொல் வேறு பொருளைக் குறிக்கிறது. அங்கே நாலு எம்எம் என்று வாங்கினால் உள்ளே செம்பு 1.84 சதுர மில்லிமீட்டர்தான், ஐந்து எம்எம் என்றால் ஏறக்குறைய 2.9. அங்கே வயர் வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த எண்களை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீளம். இதிலும் என் வீட்டு வயரிங் பழக்கம் என்னை ஏமாற்றியது. போவது 7 மீட்டர், திரும்புவது 7 மீட்டர், அந்தச் சுருளையும் சேர்த்து மொத்தம் 14. 4.6 சதுர மில்லிமீட்டர் செம்பில் 14 மீட்டருக்கு மின்தடை 0.052 ஓம். 32 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒன்றே முக்கால் வோல்ட் அளவு போய்விடுகிறது. 230 வோல்ட்டில் அது ஒன்றுமே இல்லை, எந்த வீட்டுக்காரரும் கவனிக்க மாட்டார். 14 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு. போதாததற்கு இந்த வகைச் சார்ஜர், உள்ளே வருகிற வோல்ட் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுத்துக்கொள்ளும், பேட்டரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டுமே. வயர் மெலிந்தால் கரண்ட் கூடுகிறது, கரண்ட் கூடினால் சூடு கூடுகிறது. மொத்தம் 53 வாட் சூடு. நீளமாகப் பரவிக் கிடந்தால் தாங்கியிருக்கலாம். கம்பளத்துக்கு அடியில் மூடி, கடைசியில் சுருட்டிக் கட்டி வைத்தால் அந்தச் சூடு எங்கே போகும்? எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு பயன்படுத்தாதீர்கள் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

"நான்தான் சரியாச் சொல்லலை அண்ணே" என்றான் தம்பி. இல்லை. அவன் கடையில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னான். தெரிந்தவன் நான், நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

பிரேக்கர் உட்கார வேண்டிய இடம்

தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கப் பார்த்தேன். இரண்டாவது தப்பு உடனே தெரிந்தது. அந்த 40 ஆம்பியர் பிரேக்கர் கைக்கு எட்டும்படி பின்னால் சார்ஜருக்குப் பக்கத்தில் இருந்தது. முன் பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் 7 மீட்டர் வயர் எந்தக் காவலும் இல்லாமல் ஓடியது. தரைத் தகட்டின் விளிம்பில் உரசி மேலுறை கிழிந்திருந்தால், எஞ்சின் பேட்டரியின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த வயரில் பாய்ந்திருக்கும். பின்னால் இருக்கிற பிரேக்கருக்குச் சேதியே போயிருக்காது. கரண்ட் அதைத் தாண்டவே இல்லையே.

வீட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. மீட்டரிலிருந்து வருவது நேராகப் பெட்டிக்குள் நுழைகிறது, எல்லா லைனும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வண்டியில் கரண்ட் எங்கிருந்து கிளம்புகிறது என்று நாம்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்கத் தரவிதிகள் இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும் என்கின்றன. படகுகளுக்குப் பொதுவாக 7 அங்குலம். இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டுமே கரண்ட் கிளம்புகிற இடங்கள், இரண்டு பக்கமும் காவல் வேண்டும்.

மூன்றாவதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கூரையில் இருக்கிற இரண்டு சோலார் பலகைகளுக்கு அவன் போட்டிருந்தது, முந்தின வருஷம் நான் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டு எம்சிபி. என் வேலையில் மிஞ்சிய சரக்கு. ஏசி கரண்டுக்கு, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற கரண்டுக்கு உள்ளது. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. பிரேக்கர் திறக்கும்போது உள்ளே எழுகிற தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேட்டரியும் சோலாரும் கொடுப்பது ஒரே திசையில் ஓடுகிற டிசி, அதில் பூஜ்யமே இல்லை. தொடுமுனைகள் பிரிந்த பிறகும் பொறி நின்று எரியும், பிரேக்கரையே உருக்கும். தயாரித்தவரே டிசி வோல்ட்டை அதன் மேல் அச்சிட்டிருந்தால் மட்டும்தான் அதை டிசிக்குப் பயன்படுத்தலாம். டிசிக்கென்றே செய்த பிரேக்கர்கள் சிலவற்றில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். பொறியை ஒரு பக்கமாகத் தள்ளி அணைக்க உள்ளே காந்தம் வைத்திருப்பார்கள், மாற்றிக் கொடுத்தால் பொறி தப்பான பக்கம் போகும்.

லித்தியம் பேட்டரிக்கு இன்னொரு எண் முக்கியம். உங்கள் வீட்டு எம்சிபியின் முகத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 என்று இருக்கும், பாருங்கள். ஷார்ட் சர்க்யூட்டில் 6,000 ஆம்பியர் பாய்ந்தாலும் வெடிக்காமல் துண்டிக்கும் என்று பொருள். பெரிய லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மலிவான வண்டி பிரேக்கர்கள் பலவற்றில் இந்த எண்ணே இருப்பதில்லை. அதனால்தான் லித்தியத்தின் வாயிலேயே கிளாஸ் டீ (Class T) என்கிற ரக ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள், அது 20,000 ஆம்பியரைத் துண்டிக்கக்கூடியது. ஃபியூஸ் பழைய காலத்துச் சாமான், பிரேக்கர்தான் நவீனம் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஃபியூஸ் பக்கம்தான் நிற்பேன்.

230 வோல்ட் பக்கத்தில் மட்டும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற சாதனம், லைவ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற பிரேக்கர். எந்த ஊர்ப் பிளக்கில் எந்தப் பக்கம் லைவ் வரும் என்று ஊர் ஊராகப் போகிற வண்டிக்குத் தெரியாது, அதனால்தான் இரண்டையும் வெட்டுகிறார்கள். நம் ஊரிலும் 2023 ஜூலை முதல் பழைய வீடுகள் உட்பட எல்லா வீட்டிலும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற சாதனம் வேண்டும் என்று சட்டம் வந்ததே, கிட்டத்தட்ட அதே காவல். அது மனுசனைக் காப்பாற்ற. எம்சிபி வயரைக் காப்பாற்ற. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மறுபடியும் 40

திரும்பி பெர்த் வந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். பழைய வயரை முழுக்க உருவி எடுத்தோம். இந்த முறை கடைக்கு நானே போனேன். அங்கே 6 பி அண்ட் எஸ் (6 B&S) என்று வயர் தடிமனுக்கு வேறொரு அளவுமுறையில் விற்கிறார்கள், மறுபடியும் அதே ஆறு! ஆனால் இதில் செம்பு 13.5 சதுர மில்லிமீட்டர். அதை அளந்து வெட்டி, சுருள் இல்லாமல், ஒரு பக்கத்துக்கு ஐந்தரை மீட்டரில் முடித்தோம். வழியில் போகிற வோல்ட் அரைக்கும் கீழே வந்துவிட்டது. தகடு விளிம்புகளில் எல்லாம் ரப்பர் வளையம். முன் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ். பின்னால் லித்தியத்தின் வாயில் கிளாஸ் டீ. சோலாருக்கு டிசி பிரேக்கர். நான் கொடுத்த எம்சிபியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

முன் பேட்டரிப் பக்கம் போட்ட ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் தெரியுமா? 40. அன்று நான் போனில் சொன்ன அதே எண். சார்ஜர் இழுக்கிற 32-க்கு மேலே, வயர் தாங்குகிறதற்கு நன்றாகக் கீழே.

போட்டு முடித்து, வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டிவிட்டு அலமாரியைத் திறந்தோம். தம்பி மகள்தான் முதலில் கையை விட்டாள். "பெரியப்பா, சூடே இல்லை" என்றாள். நானும் தொட்டேன். வண்டிக்குள் இருந்த காற்றின் சூடுதான்.

போன வாரம் தம்பி மறுபடி போன் போட்டான். 2,000 வாட் இன்வெர்ட்டர் வைக்கப் போகிறானாம், என் மனைவி அங்கே போகும்போது இடியாப்பம் வேக வைக்க வேண்டுமாம். 12 வோல்ட் பக்கத்தில் 180 ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஃபியூஸ் 250, வயர் 70 எம்எம் என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு நொடி சத்தம் இல்லை.

"சதுரமா, விட்டமா அண்ணே?"

சதுரம் என்றேன். வாங்கினதும் வெட்டுமுனையைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் பேட்டரியில் மாட்டாதே என்றேன். இன்னும் போட்டோ வரவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போகிறானாம்.